மஞ்சள் சுவர்

அந்த வேல்ஸ் கடற்கரைக் கிராமத்தில், நெரிஸ் வீட்டு மஞ்சள் சுவரைக் குறிவைத்துத்தான் படகுகள் பாறைகளுக்கு நடுவே புகுந்து துறைமுகம் சேரும். போன வருடம் அவள் கணவனின் படகு, அதே சுவர் கண்ணெதிரே தெரிய, பாறையில் மோதி மூழ்கியது. இன்று காலை, படகுகள் கடலுக்குப் போன பிறகு, அவள் சுவருக்குச் சாம்பல் நிறம் பூசினாள். பார்த்துக்கொண்டே போன ஊரார் யாரும் தடுக்கவில்லை.

மதியம் காற்று மாறியது. தூறலில் கடலும் வானமும் சுவரும் ஒரே நிறமாகிவிட்டன. மஞ்சள் பெயிண்ட் தேடி வீட்டைப் புரட்டினாள். ஒரு சொட்டு இல்லை. வெளியே பேச்சுக்குரல் கேட்டுக் கதவைத் திறந்தாள்.

ஊரே மஞ்சள் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு அவள் சுவரில் முதுகை ஒட்டி வரிசையாக நின்றது. பேக்கரிக்காரர் ஏணி மேல் நின்றார்.

"முதுகெல்லாம் உன் பெயிண்ட்தான்" என்றாள் பக்கத்து வீட்டு மைரா. அவள் மகன் கடலில் இருந்தான்.

"என்னைத் திட்டிடு, மைரா."

"அவன் வரட்டும், அப்புறம் திட்டுறேன். இப்ப கோட்டைப் போட்டுட்டு வா. நடுவுல உனக்கு இடம் விட்டிருக்கோம்."

வீட்டில் இருந்த ஒரே மஞ்சள் கோட்டு அவள் கணவனுடையது. போன வருடத்திலிருந்து ஆணியில் தொங்கிய அதை மாட்டிக்கொண்டு, நெரிஸ் அந்த இடைவெளியில் போய் நின்றாள். கோட்டின் கைகள் அவள் விரல்களைத் தாண்டித் தொங்கின. தூரத்தில், தடுமாறிக்கொண்டிருந்த முதல் படகு அவர்களை நோக்கி மெல்லத் திரும்பியது.