ஃபேனை நிறுத்தியது யார்?

மொரப்பூர் ரயிலின் தடதடப்பு ஓய்ந்ததுமே நூலகர் கோகிலவாணி எழுந்து வந்து ஜன்னல்களைச் சாத்தினாள். அடுத்து ஃபேனை நிறுத்தினாள்.

"இன்னைக்கும் ஆரம்பிச்சிட்டீங்களா?" வாரப் பத்திரிகையைப் பட்டென்று மூடினாள் சசிகலா. "சித்திரை வெயில்ல எங்கள அவிச்செடுக்கத்தான் கவர்மெண்ட் சம்பளம் தருதா?"

"கொஞ்ச நேரந்தாங்க்கா. யாரும் பேசாம இருங்க, ப்ளீஸ்."

"எதுக்குன்னு சொல்லுங்களேன்."

கோகிலவாணி ஒரு புத்தகமும் செல்போனுமாகப் பின்னறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். உள்ளே முணுமுணுவென்று பேச்சு.

"பாத்தீங்களா? அவங்க போன்ல கொஞ்ச, நாம வேகணுமாம்."

எதிரில் துண்டால் விசிறிக்கொண்டிருந்த பச்சியப்பன், "வுடுங்கம்மா, நல்ல புள்ள" என்றார்.

"நல்ல புள்ள எதுக்குங்க கதவைச் சாத்திக்குது?"

சுவரில் எழுதியிருந்த மாவட்ட நூலக அதிகாரியின் நம்பருக்கு அங்கேயே போன் போட்டாள் சசிகலா. நாளைக்கே வந்து விசாரிப்பதாகச் சொன்னார். அந்த வேகத்தில் பின்னறைக் கதவை ஓங்கி அறைந்தாள்.

"ஃபேனைப் போடறீங்களா இல்லையா? நாளைக்கு ஆபீசரே வர்றாரு!"

கதவு திறந்தது. வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தாள் கோகிலவாணி. முகம் வெளுத்திருந்தது. போய் ஃபேனைப் போட்டாள்.

சாயங்காலம் வீட்டில் சசிகலாவின் புருஷன் பிரபாகர் காத்திருந்தார். சர்க்கரை நோய் அவர் கண்ணைப் பறித்த பிறகு சாப்பாட்டுத் தட்டை வீசி எறிந்துகொண்டிருந்த மனிதர். புத்தகம் வாசிக்கும் பாட்காஸ்ட் ஒன்றை மகள் போனில் போட்டுக் கொடுத்த பிறகுதான் அடங்கினார். அவர் காதில் இயர்போன் இருப்பதால்தான் அவரைத் தனியாக விட்டுவிட்டு சசிகலாவால் நூலகம் பக்கம் போகவே முடிந்தது.

இன்று இயர்போனைக் கழற்றி வைத்திருந்தார்.

"தினம் லைவ்ல புத்தகம் வாசிக்கிற பொண்ணு இன்னைக்குப் பாதியில நிறுத்திடுச்சு சசி. நீயே கேளு." போனில் அதை மறுபடி ஓடவிட்டார்.

திமிங்கிலம் மூச்சடக்கி ஆழத்துக்குப் போவதை ஒரு பெண் குரல் நிதானமாக வாசித்தது. எங்கேயோ கேட்ட குரல்.

தொம்மென்று ஒரு சத்தம்.

"ஃபேனைப் போடறீங்களா இல்லையா? நாளைக்கு ஆபீசரே வர்றாரு!"

பிறகு அந்தப் பெண் குரல், தணிந்து: "மன்னிச்சுக்குங்க. கண் தெரியாதவங்களுக்காக நம்ம நூலகத்துப் புத்தகங்கள அனுமதி வாங்காமத்தான் வாசிச்சிட்டிருந்தேன். இனிமே முடியுமான்னு தெரியல."

சசிகலா போனை அணைத்தாள்.

"கண்ணுதான் சசி போச்சு" என்றார் பிரபாகர். "காது இருக்குது."

மறுநாள் அதிகாரி வந்தபோது ரயில் அப்போதுதான் போயிருந்தது.

"தினமும் ஃபேனை நிறுத்தறது யாருங்க?"

கோகிலவாணி எழுந்தாள். அதற்குள் குரல் வந்தது.

"நான்தான் சார்."

போனில் கேட்ட அதே குரல்; அதிகாரி திரும்பினார். "புகார் சொன்னதே நீங்கதானேம்மா?"

"ஆமா" என்றபடி ஜன்னல்களைச் சாத்திய சசிகலா, ஃபேனை நிறுத்தினாள். "கொஞ்ச நேரம் பேசாம உக்காருங்க சார். வீட்டுல ஒருத்தர் மீதிக் கதைக்குக் காத்திட்டிருக்காரு."