வெயிட்

வரைபடத்தில் கடுகளவே இருக்கும் கிரேக்கத் தீவு அது. அங்கே கடற்கரையில் எட்டு நாள் சும்மா படுத்துக் கிடப்பதென்று நானும் என் கணவரும் ஆறு மாதமாகத் திட்டம் போட்டோம். புறப்படும் நாள் காலையில் அவர் என் பெட்டியைத் திறந்து, மணலில் விரிக்க நான் ஆசையாய் வாங்கிய நீலத் துண்டை எடுத்துப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் குக்கரை வைத்தார்.

“இது எதுக்கு?”

“அடுப்பு இருக்குன்னுதானே அந்த வீட்டையே புடிச்சேன்? காலையிலயே நீ சோறும் ரசமும் வச்சிட்டா, அப்புறம் நாள் பூரா சும்மா இருக்கலாமே!”

“அதைத்தானே இருபது வருஷமா இங்க பண்றேன்?”

அது அவர் காதில் விழவே இல்லை. பெட்டியைக் கைத்தராசில் மாட்டித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு கிலோ கூட இருக்கு. வெயிட்டைக் குறைக்கணும், வாசுகி.”

குறைத்தேன். குக்கர் மூடியின் தலையில் உட்கார்ந்திருந்த வெயிட்டைப் பிடுங்கி, பால்கனியிலிருந்து வீசினேன். கீழே கார் ஷெட்டின் தகரக் கூரை அலறியது. பிறகு நீலத் துண்டை ஹாலின் நடுவில் விரித்து, கண்ணை மூடிப் படுத்தேன்.

“வாசுகி, டாக்ஸி வந்துடுச்சு,” என்றார்.

நான் சும்மா இருந்தேன்.