இரண்டாவது துளை

ஜன்னலை ஒரு சாண் திறந்தாள். காற்று உள்ளே வரவில்லை.

வெளியே முருங்கை ஆடுகிறது. கொடியில் வீட்டுக்காரம்மாவின் புடவை ஆடுகிறது. ஜன்னலுக்கு இப்பால் மட்டும் ஒன்றும் இல்லை.

சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, ஊதுவத்தியை ஜன்னல் இடுக்கில் பிடித்துப் பார்த்தாள். புகை நூல்போல நேரே மேலே போனது.

திறந்துதானே இருக்கிறது. ஏன் வரவில்லை?

ஊதுவத்தியைச் சுவரோரம் செருகிவிட்டு ஜன்னலை மறுபடி சாத்தினாள்.

மாலை ஐந்தரை. மொட்டை மாடிக்கு நேர் கீழே ஒற்றை அறை. தூளியில் நாற்பது நாள் குழந்தை. கழுத்து மடிப்பெல்லாம் வேர்க்குரு. மதியம் வரை அழுதது. இப்போது அழவில்லை. வாயை மட்டும் திறந்து திறந்து மூடுகிறது.

அழாததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

தட்டில் வேகவைத்து உதிர்த்த பால் சுறா.

பால் போதவில்லை, எடை ஏறவில்லை என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். சுறாப் புட்டு சாப்பிட்டால் பால் ஊறும். அவள் ஊரில் பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் சாப்பிடுவது.

இந்த வீட்டில் மீன் கூடாது.

சைவம்தானே என்று வீட்டுக்காரம்மா கேட்டபோது அவள் கணவன் தலையாட்டினான். அவளுக்கு அப்போது நிறைமாதம். மூன்று வீட்டில் இல்லை என்ற பிறகு கிடைத்த அறை. அவளும் தலையாட்டினாள். இதற்கு முன் இருந்தவர்கள் குப்பையில் முட்டை ஓடு கிடந்ததற்காக ஒரே வாரத்தில் காலி செய்தவர்கள்.

அதனால் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். சமைக்கும்போது ஜன்னலும்.

காலையில் வீட்டுக்காரம்மா கொல்லையிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஏம்மா, பச்சப் புள்ளய வச்சிக்கிட்டு எந்நேரமும் சாத்தியே வச்சிருக்கியே. என்ன, இட்லியா அது, அவிச்சு எடுக்க?"

"தூசி வருதுக்கா."

எல்லாம் செய்து பார்த்துவிட்டாள். சீலிங் ஃபேனை ஐந்தில் வைத்தாள். ஃபேன் காற்றை உண்டாக்குவதில்லை. இருப்பதைச் சுற்றிவிடும். தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை எடுத்துக் கீழே தள்ளியது.

கொடி கட்டி ஈரத்துண்டு போட்டாள். கால் மணி நேரம் சுகம். பிறகு துண்டின் ஈரம் முழுக்க அறைக்குள்ளேயே நின்றது. வியர்வை காயவில்லை. முன்பைவிட மோசம்.

டேபிள் ஃபேனைத் தூளிப் பக்கம் திருப்பி வைத்தாள். அதே காற்று, இன்னும் வேகமாக.

வெங்காயம் நறுக்கியாயிற்று. வாணலி காய்ந்தது. புதுத் தேங்காயெண்ணெய் டின்னில் ஆணி வைத்து ஒரு துளை போட்டுக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு. திணறல். இன்னொரு சொட்டு.

யோசிக்காமல் எதிர்மூலையில் இரண்டாவது துளை போட்டாள்.

எண்ணெய் சீராக இறங்கியது.

அவள் கை நின்றது.

டின்னைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். எதிர்ச் சுவரில் இருந்த கதவைப் பார்த்தாள்.

காற்று வராமலில்லை. உள்ளே இருப்பது போக வழியில்லை. இருப்பது போகாமல் புதியது எங்கே வந்து நிற்கும்?

கதவுக்கு வெளியே மாடிப்படி. அங்கே வெயில் விழுவதே இல்லை. படிக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி. வெறுங்காலில் நின்றால் உள்ளங்கால் குளிரும். வேண்டிய குளிர்ச்சி முழுவதும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருந்தது.

டேபிள் ஃபேனை ஜன்னலில் வைக்கலாம். அது உள்ளே பார்த்தால் வாடை படியிறங்கி வீட்டுக்காரம்மாவின் கூடத்துக்குப் போகும். வெளியே பார்த்தால் கொல்லைக்குப் போகும். கொல்லையில் அந்த அம்மா உட்கார்ந்து யாரோடோ பேசியபடி பூ கட்டிக்கொண்டிருந்தாள்.

எப்படி வைத்தாலும் அங்கேதான்.

குழந்தை வாயைத் திறந்து மூடியது.

வெங்காயத்தைப் போட்டாள். பூண்டைப் போட்டாள். சுறாவைக் கொட்டிக் கிளறினாள். வாடை அறை முழுக்க எழுந்தது.

டேபிள் ஃபேனைத் தூக்கி ஜன்னல் திட்டில் வைத்தாள். முகத்தைக் கொல்லைப் பக்கம் திருப்பினாள். ஜன்னலை முழுக்கத் திறந்தாள். கதவின் தாழ்ப்பாளை நீக்கினாள்.

ஊதுவத்திப் புகை ஒருகணம் தயங்கியது. பிறகு படுத்தது. ஜன்னலை நோக்கி நீளமாக ஓடியது.

படிக்கட்டின் குளிர் அவள் கணுக்காலைத் தொட்டது. பிறகு முழங்காலை. தூளி லேசாக அசைந்தது. குழந்தையின் உச்சி முடி எழுந்து படிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அது அழுதது. நல்ல, கோபமான அழுகை.

கீழே பேச்சுச் சத்தம் நின்றது. கொல்லைக் கதவு சாத்தப்பட்டது. முதல் படியில் காலடி.

அவள் புட்டை ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டு, குழந்தையைத் தூக்கி மார்போடு வைத்தாள். கதவுப் பக்கம் போகவில்லை.

ஃபேன் வெளியே பார்க்க வேண்டும். எதிர்க்கதவு திறந்தே இருக்க வேண்டும்.