ஓரம் கோணிய சால்வை

நாற்காலியின் முதுகில் சால்வை இல்லை.

கழிப்பறைக்குப் போய்த் திரும்பியவள் அப்படியே நின்றாள். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். குல்லாய்கள் வைத்திருந்த பையைத் தூக்கிப் பார்த்தாள்.

பக்கத்துக் கடை பிலோமினா சிரித்துக்கொண்டே ரூபாய் நோட்டுகளை நீட்டினாள்.

"போணி ஆயிருச்சுக்கா. சேர்ல போட்டிருந்தீங்கள்ல, அந்தச் செவப்புச் சால்வை. பெங்களூர்ப் பொண்ணு ஒருத்தி பாத்ததும் கையில பிடிச்சுக்கிட்டா. நானும் நல்ல வெலையாத்தான் சொன்னேன்."

ஒருவர் எழுந்து போனால் அடுத்தவர் கடையைப் பார்த்துக்கொள்வது இந்த ஞாயிற்றுச் சந்தையில் வழக்கம். பிலோமினா யூகலிப்டஸ் தைலம் விற்பவள். இந்த சீசனுக்குத்தான் கொடைக்கானலுக்கு வந்திருக்கிறாள். குரோஷே பின்னல் விற்கிற கடையில் ஒரு சால்வை தொங்கினால் அது விற்பதற்குத்தான் என்று நினைத்திருக்கிறாள். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது.

பணத்தை வாங்கிக்கொண்டாள். தேங்க்ஸ் என்றுகூடச் சொன்னாள்.

பிறகு வண்டிகள் நிற்கும் இடத்துக்கு நடந்தாள். ஓடியிருக்கலாம். ஓடத் தோன்றவில்லை.

வேன்கள் போய்விட்டிருந்தன. அக்டோபர் பனி சாலையில் இறங்கிக்கொண்டிருந்தது. சோளக்கதிர் சுடுகிறவர் மட்டும் கரியை விசிறிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

அது அவள் கணவர் பின்னிய சால்வை. அவர் வாழ்நாளில் பின்னியது அது ஒன்றுதான்.

வேன் ஓட்டியவர். சிறுநீரகம் கெட்டுப் படுத்த பிறகு, பொழுது போகாமல் அவளிடமே குரோஷே ஊசியைக் கேட்டு வாங்கினார். இதென்ன பெரிய வித்தையா என்றார். நூல் சிவப்பாகத்தான் இருக்க வேண்டும் என்றார். கூட வண்டி ஓட்டியவர்கள் பார்க்க வந்தால் எல்லாவற்றையும் போர்வைக்குள் ஒளித்துவிட்டு, பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசுவார்.

கொண்டை ஊசி வளைவுகளில் அசராமல் ஓட்டியவருக்கு ஒரு ஓரம் நேராக வரவில்லை. ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் ஒரே கண்ணியில் இரண்டு தடவை ஊசியை விட்டார். சால்வை போகப் போக அகலமாகிக்கொண்டே போயிற்று. கல்யாணத்துக்குப் பிறகு நீ ஆனது போலத்தான் என்று கேலி வேறு.

ஆடியில் போய்விட்டார்.

அவள் அழவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவளை அழவைக்கப் பார்த்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை. கல் நெஞ்சு என்று அவருடைய அக்காள் காதுபடவே சொன்னாள். கல்லாக இருந்தால்கூடப் பரவாயில்லை, கனமாவது தெரியும். ஒன்றுமே தெரியவில்லை. இனி எப்போதும் இப்படியேதான் இருந்துவிடுவோமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

இப்போதும் அப்படித்தான். சால்வை போய்விட்டது என்று தெரிந்தது. அவ்வளவுதான்.

முதுகு குளிர்ந்தது.

"அக்கா, சொல்ல மறந்துட்டேன். கூட வந்தவளும் அதே மாதிரி இன்னொண்ணு இருக்கான்னு கேட்டா. இல்லன்னுட்டேன். அடுத்த வாரத்துக்கு ரெண்டு மூணு போட்டு வைங்க. அந்த ஓரம் கோணிக்கிட்டுப் போகுதுல்ல, அதுதான் அழகாம்."

அவள் தலையாட்டினாள்.

பையில் சிவப்பு நூல் இருந்தது. எடுத்தாள்.

வரிசை ஓடியது. கடைசிக் கண்ணிக்கு வந்ததும் ஊசி ஒரு தடவை நுழைந்து வெளியே வந்தது. பின்னலைத் திருப்பிப் பிடித்து, கை அடுத்த வரிசைக்குப் போய்விட்டது.

பிரித்தாள்.

மறுபடி போட்டாள். ஓரம் நூல் பிடித்தது போல நேராக நின்றது.

அடுத்த தடவை, வேண்டுமென்றே கடைசிக் கண்ணியில் இன்னொன்றைத் திணித்தாள். திணித்தது திணித்த மாதிரியே இருந்தது. அதையும் பிரித்தாள்.

இத்தனை வருடப் பழக்கம். தப்புப் போட வரவில்லை.

அந்த மனிதர் மட்டும் எப்படி ஒரு வரிசை விடாமல் போட்டார்?

அவர் ஊசியைப் பிடிக்கிற விதத்தை நினைத்துப் பார்த்தாள். தலையணையில் சாய்ந்திருக்கிற தோளை நினைத்துப் பார்த்தாள். நூல் சுற்றிய விரலை.

அப்புறம் தெரிந்தது.

வரிசை முடிகிற இடத்தில் அவர் நூலைப் பார்க்கவே இல்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். இதோ முடிக்கிறேன் பார் என்பது போல. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாலும் சரி, அடுப்படியில் நின்றாலும் சரி, தலை அந்தப் பக்கம் திரும்பிவிடும். போட்டாயிற்று என்பதை மறந்து கை இன்னொன்று போட்டுவிடும்.

ஒவ்வொரு வரிசையிலும்.

அவள் மறுபடி ஆரம்பித்தாள். கடைசிக் கண்ணிக்கு வந்தாள்.

நிமிர்ந்தாள்.

எதிரே யாரும் இல்லை. பனி வந்துவிட்டதால் முன்வரிசைக் கடைக்காரர்கள் தார்ப்பாயை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். விரல்கள் தம்பாட்டுக்கு வேலை செய்தன.

குனிந்தபோது ஒரே கண்ணியில் இரண்டு விழுந்திருந்தன.

பிலோமினா தைலப் புட்டிகளை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"என்னக்கா, ஏன் அழுகுறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. தப்பு விழுந்துருச்சு."