பூசணித் தோட்டத்து ரீங்காரம்

விடிந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் பூசணித் தோட்டத்துக்குள் ஆளுக்கொரு பக்கமாக இறங்கினார்கள். ஆண்பூவைக் கிள்ளி, இதழை உரித்துவிட்டு, அதன் மகரந்தத்தைப் பெண்பூவில் தடவ வேண்டும். வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும்; தடவாத பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். முன்பு மகள் கல்யாணத்துக்கு வருகிறவர்களைத் தேனீ கொட்டிவிடுமே என்று, கிணற்றடி வேம்பில் தொங்கிய தேன்கூட்டைக் கொளுத்தத் தீப்பந்தம் கட்டிக் கொடுத்தவள் பழனாத்தாள். கொளுத்தியவன் அவள் புருஷன் கருப்பணன். சுற்றிலும் மருந்தடிக்கிற தோட்டங்கள். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் ஒரு தேனீகூட வரவில்லை. "அதுக பாவம் நம்மளச் சும்மா உடாதுங்க" என்று சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தும் அழுவாள்.

இன்று குனிந்து பூவைத் தடவிக்கொண்டிருந்தவளுக்கு, முதுகுக்குப் பின்னால் மெல்லிய ரீங்காரம் கேட்டது. அவள் கை அப்படியே நின்றது.

"ஏனுங்க, வந்துருச்சுங்க! சத்தம் கேக்குதுங்களா?"

ரீங்காரம் சட்டென்று அடங்கியது.

"கேக்குது, கேக்குது" என்றான் பின்னாலிருந்து கருப்பணன்.

சற்றுப் பொறுத்து ரீங்காரம் மறுபடி எழுந்தது. நடுவில் ஒருமுறை அது மூச்சு வாங்கிக்கொண்டது. பழனாத்தாள் திரும்பிப் பார்க்காமலே அடுத்த பூவுக்கு நகர்ந்தாள்.