பதினெட்டு அங்குல ஃபில்டர்

"குளத்துக்கு மருந்து ஒரு நாளைக்கி எவ்வளவு போடுறீங்க, தங்கச்சி?"

"சொன்ன அளவுதாங்க, நானா. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல" என்றாள் கமலாட்சி.

அண்ணன் முறைக்கு அவள் நானா என்று கூப்பிட்ட ஜிப்ரி, நீச்சல் குளத்தின் ஓரத்தில் குந்தி, உள்ளங்கையில் தண்ணீரை அள்ளிப் பார்த்தார். அரிசி கழுவிய தண்ணீர் போல வெளுத்துக் கலங்கியிருந்தது.

இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் ஏறும் பாதையில் இருந்த அந்த விடுதியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குக் கமலாட்சி வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. சம்பளத்தோடு பின்பக்கம் ஓர் அறையும் உண்டு. அவளும் மகளும் அதில்தான் இருந்தார்கள். சனிக்கிழமைக்குள் தண்ணீர் தெளியாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பச் சொல்லிவிட்டார், கொழும்பில் இருக்கும் முதலாளி. இன்றைக்கு வியாழன். காலையில் ஹார்ட்வெயார் கடையில் குளத்து மோட்டர் வேலை செய்பவர் ஒருவரின் நம்பரைக் கேட்டு வாங்கி, அவளே கூப்பிட்டுத்தான் ஜிப்ரி வந்திருந்தார்.

மோட்டர் அறைக்குள் போனார். ஃபில்டரில் ஒட்டியிருந்த அளவுத் தாளை விரலால் துடைத்துவிட்டுப் பார்த்தார். பிறகு வெளியே வந்தார்.

"மருந்துல பிழை இல்ல. மோட்டர் மணிக்குப் பதினஞ்சாயிரம் லீட்டர் தள்ளுது. இந்தப் பதினெட்டு இஞ்ச் ஃபில்டருக்கு எட்டாயிரத்துக்கு மேல தாங்க ஏலா. இருபத்திநாலு இஞ்ச் வெச்சிரிக்கணும்."

"எனக்கு வெளங்கல்லங்க."

"தேத்தண்ணிய வடியில மெதுவா ஊத்தினா தூள் நிக்கும். கேத்தலோட கவுத்தினா?"

"தூளும் சேந்து கோப்பையில விழும்."

"அதுதான் இங்கயும். ஃபில்டர்ல இரிக்கிற மணல் அழுக்கப் பிடிக்க முந்தி, தண்ணி அதத் தள்ளிக்கிட்டுப் போகுது. நீங்க மருந்த மூடையோட கொட்டினாலும் தெளியாது."

கமலாட்சிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"இந்த ஃபில்டரப் பூட்டிக் குடுத்த மெக்கானிக் பாஸ் என்னா சொன்னாருன்னு தெரியுமாங்க? வந்து எட்டிக்கூடப் பாக்கல. முதலாளி ஃபோன்ல கேட்டதுக்கு, 'என் வேலையில பிழை வராது, அங்க இருக்கிற பொம்பளைக்கு மருந்து போடத் தெரியல'ன்னுட்டாரு. அவரு மொகத்தக்கூட நான் பாத்ததில்ல. இருந்த எடத்துல இருந்துகிட்டே எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டாரு."

ஜிப்ரி கையிலிருந்த ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பெரிய ஃபில்டர் அந்த நேரம் கெடச்சிரிக்காது. விடுதியத் தொறக்க அவசரப்படுத்தியிருப்பாங்க. பொறகு மாத்துவோம்னு நெனச்சிருப்பான்."

"நீங்களும் அவருக்குத்தானே பரிஞ்சு பேசுறீங்க. ஒரே தொழில் செய்யிறவங்க, விட்டுக் குடுப்பீங்களா?"

"பரிஞ்சு பேசல்ல. பிழை அவன்டதான்."

"அத எழுதித் தருவீங்களா?"

மாட்டார் என்று நினைத்துத்தான் கேட்டாள். அவர் கையை நீட்டினார். "தாள் ஒண்டு தாங்க."

மகளின் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வந்தாள். முதலாளி வாசிக்க வேண்டுமே என்று ஜிப்ரி சிங்களத்தில் எழுதினார். நான்கைந்து வரிதான். ஆனால் இரண்டு இடத்தில் பேனையை நிறுத்தி யோசித்தார். கமலாட்சி சிங்களம் பேசுவாளே தவிர வாசிக்கத் தெரியாது.

"என்னாங்க எழுதியிருக்கு?"

"தண்ணி கலங்கினது மருந்தால இல்ல. மோட்டருக்கு ஏத்த ஃபில்டர் வைக்கல்ல. குளத்தப் பாத்துக்கிற பொம்பளைல ஒரு பிழையும் இல்ல. பூட்டினவன்தான் பிழை. அவன் வந்து பாக்காம அவங்களக் குத்தம் சென்னது அதவிடப் பெரிய பிழை."

கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கமலாட்சி அதை அங்கேயே படமெடுத்து முதலாளிக்கு அனுப்பினாள்.

"நாளைக்கிக் காலையில பெரிய ஃபில்டரோட வாறேன். சனிக்கிழமைக்குத் தெளிஞ்சிரும்" என்று ஜிப்ரி சாமான் பையை மோட்டார் சைக்கிளில் கட்டினார்.

இவ்வளவு செய்தவருக்குத் தன்னால் ஒரு வம்பு வந்துவிடக் கூடாதே என்று அவளுக்குக் கவலையாக இருந்தது.

"நானா, இதத் தெரிஞ்சுகிட்டு அந்த பாஸ் ஒங்ககிட்ட சண்டைக்கி வந்துட்டாருன்னா?"

ஜிப்ரி தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டார்.

"வர மாட்டான், தங்கச்சி. அவன்தானே இப்ப எழுதித் தந்தது."