முதுகில் ஒரு குரல்

கடலாமையின் முதுகில் ஒரு சின்னக் கருவி இருந்தது. சென்ற பங்குனியில் மணலில் முட்டையிட்டுத் திரும்பிய ஆமையைப் பிடித்து, ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி பசை தடவி அதை ஒட்டியிருந்தாள். ஆமை எங்கெங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளத்தான். அன்றோடு ஆமைக்கு நிம்மதி போயிற்று. மூச்சுவிட மேலே வந்தால் போதும், கருவி வானத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடும்.

"அப்படி என்னதான் சொல்றே?" என்று ஆமை எரிந்து விழுந்தது.

"'இங்கே இருக்கோம், நல்லா இருக்கோம்'னுதான். சொல்லி முடிக்கிறதுக்குள்ளே நீ மூழ்கிடறே. பாவம், அந்தப் பொண்ணு தவிச்சுப் போயிடுவா."

"அவளுக்கு என்ன வந்தது?"

"பசை காயற வரைக்கும் உன் கண்ணுல மணல் விழாம ஈரத்துணியால துடைச்சுக்கிட்டே இருந்தாளே, மறந்துட்டியா?"

அதற்கப்புறம் ஆமை, மூச்சு வாங்கிய பிறகும் கொஞ்ச நேரம் மேலேயே மிதந்தது. "சொல்லிட்டியா? போகலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் மூழ்கும்.

ஒருநாள் கருவியின் குரல் கம்மிப்போயிற்று. "என் பேட்டரி தீரப்போகுது. இனிமே என்னால பேச முடியாது. உனக்கு என்னவோ ஆயிடுச்சுன்னு அவ அழுவா" என்றது.

ஆமை சற்று யோசித்தது. பிறகு கரைப்பக்கமாகத் திரும்பி நீந்தியது.

"எங்கே போறே? இது முட்டையிடற காலம் இல்லையே!"

"முட்டையிட யாரு போறா? ஒரு தடவை தலையைக் காட்டிட்டு வந்துடலாம், வா."